சட்ட மாணவர்களுக்கான மின்வாசிப்பான்: வடிவமைப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நாவல் படிப்பவருக்காகச் செய்த கருவியை அப்படியே சட்ட மாணவரிடம் கொடுப்பதுதான் முதல் தவறு. மற்ற தவறுகளில் பாதி இதிலிருந்தே வருகின்றன. சட்ட ஆய்வில் யாரும் முதல் பக்கத்தில் தொடங்கிக் கடைசிப் பக்கத்தில் முடிப்பதில்லை. ஒரு தீர்ப்பைப் பாதி படிக்கும்போதே அது இன்னொரு பழைய தீர்ப்பைக் காட்டும். அதைத் திறந்தால் ஒரு சட்டப்பிரிவு, அந்தப் பிரிவுக்கு ஒரு திருத்தம். இப்படி நாலு இடம் தாவியபின் கிளம்பிய அதே வரிக்குத் திரும்பியாக வேண்டும். 'பின்செல்' பொத்தான் ஒரே ஒரு படி திரும்பிவிட்டு, அப்புறம் நூலகப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தினால் அது இந்த வேலைக்கு உதவாது. வந்த வழி முழுவதையும் கருவி நினைவில் வைத்திருக்க வேண்டும், அணைத்துவிட்டு மறுநாள் திறந்தாலும்.

அடுத்தது பக்க எண். எழுத்தைப் பெரிதாக்கினால் வரிகள் மாறி அமர்வது பொதுவாசகருக்கு வசதி. சட்ட மாணவருக்கோ, அச்சுப் பக்க எண் போய்விட்டால் மேற்கோளே காட்ட முடியாது. 2007இல் வந்த அமேசானின் கிண்டில் மின்வாசிப்பான் முதலில் பக்க எண்ணுக்குப் பதிலாகத் தனக்கென ஒரு 'இட எண்' முறையை வைத்திருந்தது. அச்சுப் பக்க எண்களைக் காட்டத் தொடங்கியது 2011இல்தான். இங்கிலாந்து நீதிமன்றங்கள் 2001இலேயே பத்தி எண்ணை வைத்து மேற்கோள் காட்டும் முறைக்கு மாறத் தொடங்கின. இந்திய உச்ச நீதிமன்றமும் 2023இல் பதிப்பகம் சாராத மேற்கோள் எண்களைக் கொண்டுவந்தது. ஆனாலும் பழைய தீர்ப்புகளுக்கு, அவற்றை அச்சிட்டு வெளியிடும் சட்ட அறிக்கைத் தொகுதியின் பக்க எண்தான் இன்றும் கேட்கப்படுகிறது. ஆகவே பத்தி எண், பக்க எண் இரண்டையும் ஓரத்தில் காட்டுங்கள். ஒரு வரியை நகலெடுத்தால் வழக்கின் பெயர், ஆண்டு, பத்தி எண் மூன்றும் கூடவே வரட்டும். இந்த ஒரு வசதிக்காகவே மாணவர்கள் ஒரு கருவியை வாங்குவார்கள் என்பது என் எண்ணம்.

குறிப்புகளை நூலுக்குள் பூட்டி வைப்பது இன்னொரு தவறு. 2009 ஜூலையில், விற்பனை உரிமைச் சிக்கல் காரணமாக அமேசான் சில நூல்களை வாங்கியவர்களின் கிண்டில்களிலிருந்தே நீக்கியது. அமெரிக்காவில் ஒரு பள்ளி மாணவர் எழுதி வைத்திருந்த குறிப்புகள், சார்ந்திருந்த மூலநூல் போனதால் பயனற்றுப் போயின. விஷயம் வழக்குவரை சென்றது. குறிப்பு எழுதியவருக்கே சொந்தம். அவர் அடிக்கோடிட்ட வரியோடு சேர்த்து, சாதாரணக் கோப்பாக வெளியே எடுக்க முடிய வேண்டும்.

திரை அளவைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. ஆறு அங்குலத் திரை பரப்பில் ஏ4 தாளின் ஐந்தில் ஒரு பங்குகூட வராது. அதில் பிடிஎஃப் தீர்ப்பைப் படிப்பது கண்ணுக்குத் தண்டனை.

எளிதில் கண்ணில் படாத ஒரு தவறும் உண்டு. கருவியில் சேமித்த தீர்ப்பு அப்படியே இருக்கும், சட்டம் அப்படி இருக்காது. மேல்நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்திருக்கலாம். எந்தத் தேதியில் எடுத்த நகல் என்பதைக்கூடக் காட்டாத கருவி, மாணவரைத் தெரியாமலேயே காலாவதியான வாதத்துக்குள் தள்ளிவிடும்.

பார்வையற்ற மாணவர்களைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைப்பவர்கள், 2009இல் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தில் நடந்ததைப் பார்க்க வேண்டும். அங்கே கிண்டில் டிஎக்ஸ் கருவியைச் சோதனையாகக் கொடுத்தார்கள். நூலைக் குரலில் வாசிக்கத் தெரிந்த அந்தக் கருவிக்குத் தன் தெரிவுப் பட்டியல்களை (மெனு) வாசிக்கத் தெரியவில்லை. பார்வையற்றோர் அமைப்புகள் வழக்குத் தொடுத்தன. 2010 ஜனவரியில் அது சமரசத்தில் முடிந்தது.

சோதிக்கும்போது 'படிக்க வசதியாக இருக்கிறதா' என்று மட்டும் கேட்காதீர்கள். எல்லோரும் ஆமாம் என்பார்கள். பயிற்சிக்கான மாதிரி நீதிமன்ற வழக்கு ஒன்றை மாணவர்களிடம் கொடுத்து, வாதக்குறிப்பு எழுதி முடிக்கும்வரை பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். எந்த இடத்தில் கருவியை மூடி வைத்துவிட்டு மடிக்கணினியைத் திறக்கிறார்கள் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.