ஐந்து பிள்ளைகள், ஒரே திண்ணை: வீட்டில் பாடம் நடத்த ஒரு வாரத்தை எப்படிப் பிரிப்பது

எங்கள் வீட்டில் பிள்ளைகள் ஐந்து பேர். என்னுடைய பிள்ளைகள் மூன்று, கொழுந்தனார் பிள்ளைகள் இரண்டு. பெரியவளுக்கு 12 வயது, அடுத்தவனுக்கு 10, நடுவுலவனுக்கு 8, சின்னவளுக்கு 5, கடைக்குட்டிக்கு 2. மாமனார் மாமியாரோடு சேர்த்து 11 பேருக்கு ஒரே சமையல். கோபிசெட்டிபாளையம் பக்கம் வாய்க்கால் பாசனக் கிராமம், நெல்லும் மஞ்சளும் மாடுமாக ஓடுகிற வீடு. நான்கு வருடமாகப் பிள்ளைகளை வீட்டிலேயே படிக்கவைக்கிறோம். "இத்தனை பேரை வைத்துக்கொண்டு எப்படிச் சமாளிக்கிறீர்கள், அட்டவணை இருந்தால் கொடுங்கள்" என்று கேட்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஒரு பிள்ளை, இரண்டு பிள்ளை இருக்கிற வீட்டின் அட்டவணை நமக்கு ஒத்துவராது. முதல் வருடம் நான் ஆளுக்கொரு அட்டவணை போட்டுச் சுவரில் ஒட்டினேன். திங்கள் ஒழுங்காக நடக்கும், செவ்வாய் ஒருவனுக்குக் காய்ச்சல், புதன் விருந்தாளி, வியாழன் நடவுக்கு ஆள் வந்துவிடுவார்கள், அத்தோடு அந்த வாரம் போச்சு. அதைவிடப் பெரிய தவறு ஒன்றும் அப்போது நடந்தது. நடுவுலவன் சத்தம் போடாத பிள்ளை. தன் பாட்டுக்கு உட்கார்ந்திருப்பான், புத்தகத்தை எடுத்துக் கொடுத்தால் பக்கம் முழுக்கக் கடகடவென்று வாசிப்பான். சரி, இவன் தேறிவிட்டான் என்று நானும் மற்றவர்களைக் கவனிக்கப் போய்விட்டேன். ஒருநாள் பேருந்து நிறுத்தத்தில் வந்து நின்ற வண்டியின் பலகையைக் காட்டி வாசிக்கச் சொன்னேன். 'சத்தியமங்கலம்' என்று எழுதியிருந்தது. அவன் 'சத்திரம்' என்றான். மறுபடி பார்க்கச் சொன்னேன், முதல் இரண்டு எழுத்தில் விரலை வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தான். அண்ணன் சத்தமாக வாசிப்பதைக் கேட்டுக் கேட்டே முழுப் புத்தகத்தையும் மனப்பாடம் செய்திருக்கிறான், எழுத்து பாதிதான் தெரிந்திருக்கிறது. அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

அதற்குப் பிறகுதான் முறையை அடியோடு மாற்றினோம். திட்டத்தை நாளுக்குப் போடாமல் வாரத்துக்குப் போடுங்கள். பாடம் எல்லோருக்கும் ஒன்றாக இருக்கட்டும், வேலை மட்டும் ஆளுக்கு ஆள் மாறட்டும். என்ன நடந்தாலும் வாரத்தில் இரண்டு தடவை, தடவைக்கு 20 நிமிடம், ஒவ்வொரு பிள்ளையோடும் தனியாக உட்காருங்கள். முதல் இரண்டில் கொஞ்சம் முன்னே பின்னே ஆனாலும் பரவாயில்லை, இந்த 20 நிமிடத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

ஒரே ஆசிரியர் பல வகுப்புப் பிள்ளைகளை ஒன்றாக வைத்து நடத்துவது நம் ஊருக்குப் புதிதில்லை. ஆந்திராவின் ரிஷி வேலி கிராமப் பள்ளிகளில் தொடங்கிய, பாடத்தை அட்டை அட்டையாகப் பிரித்துப் பிள்ளை தன் வேகத்தில் படிக்கிற முறையைப் பார்த்துத்தான் தமிழ்நாட்டு அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்குச் செயல்வழிக் கற்றல் வந்தது. 2022இல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டத்திலும் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பார்த்துத்தான் பிரித்தார்கள். வீட்டில் நாமும் அதையே செய்யலாம். வயதைப் பார்க்காமல் எந்தப் பிள்ளை எதில் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். எங்கள் 10 வயதுக்காரன் கணக்கில் அக்காவுக்குச் சமமாக நிற்பான், எழுதுவதில் தம்பிக்குப் பக்கத்தில்தான் இருக்கிறான்.

ஞாயிறு இரவு: நீள நோட்டு ஒன்று

மற்ற வேலையெல்லாம் முடிந்தபின் நானும் ஓரகத்தியும் அரை மணி நேரம் உட்காருவோம். ஒரு நீள நோட்டில் இரண்டு பக்கம் ஒரு வாரத்துக்கு. கடைக்குட்டியை விட்டுவிட்டு நான்கு பத்தி கோடு போட்டு, மற்ற ஒவ்வொரு பிள்ளைக்கும் இந்த வாரம் முடித்தே ஆகவேண்டிய மூன்று வேலையை மட்டும் எழுதுவோம். மூன்றுக்கு மேல் எழுதாதீர்கள். "கணக்கு படிக்கவேண்டும்" என்று எழுதினால் பிரயோசனம் இல்லை, "கடன் வாங்கிக் கழித்தல், 20 கணக்கு" என்று எழுதுங்கள். பாடப்புத்தகத்துக்கு அலையவேண்டாம், 1ஆம் வகுப்பிலிருந்து 12ஆம் வகுப்பு வரை தமிழ்நாடு அரசின் பாடநூல்கள் எல்லாமே இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. தேவையான பாடத்தை மட்டும் அச்செடுத்து நூல் கோத்து வைத்துக்கொள்கிறோம்.

திங்கள்: எல்லோருக்கும் ஒரே கணக்கு

எங்கள் வாரத்திலேயே ருசியான நாள் இதுதான். காலை ஒன்பதரைக்கு மாட்டு வேலை, சாப்பாடு எல்லாம் முடிந்து திண்ணையில் பாய் விரிப்போம். பொதுப்பாடம் எப்போதும் கையில் தொட்டுப் பார்க்கிற ஒரு பொருளிலிருந்து ஆரம்பிக்கும். எங்கள் அப்பத்தாவின் (என் மாமியாரைப் பிள்ளைகள் அப்படித்தான் கூப்பிடுவார்கள்) படி, உரி, உழக்கு, ஆழாக்கு நான்கும் வீட்டில் பத்திரமாக இருக்கின்றன. 2 ஆழாக்கு ஒரு உழக்கு, 2 உழக்கு ஒரு உரி, 2 உரி ஒரு படி. இட்லிக்கு ஒரு படி அரிசி போட்டால் ஒரு உழக்கு உளுந்து, அதாவது நாலுக்கு ஒன்று.

சின்னவள் ஆழாக்கால் அள்ளி அள்ளிப் படியில் போட்டு எண்ணுவாள், எட்டில் படி நிறையும். நடுவுலவனுக்கு அதிலிருந்தே எட்டாம் வாய்ப்பாடு: 5 படிக்கு எத்தனை ஆழாக்கு, 7 படிக்கு எத்தனை. 10 வயதுக்காரனுக்குப் பின்னம். ஒருநாள் அவனிடம் உரியும் உழக்கும் ஆழாக்கும் ஒவ்வொரு தடவை படியில் கொட்டச் சொன்னேன். கொட்டினான், படி நிறையவில்லை. அரிசியைக் கையால் சமப்படுத்திவிட்டு விளிம்பை உற்றுப் பார்த்தான். "பெரியம்மா, இன்னும் ஒரு ஆழாக்குக்கு இடம் இருக்கு" என்றான். அரை, கால், அரைக்கால் மூன்றையும் கூட்டினால் எட்டில் ஏழு என்பதை நான் கரும்பலகையில் எழுதுவதற்கு முன்னாலேயே அவன் கண்டுபிடித்துவிட்டான். பெரியவளுக்கு விகிதம்: 11 பேருக்கு ஒரு படி என்றால் பொங்கலுக்கு 33 பேர் வந்தால் உளுந்து எவ்வளவு, அதைத் தராசில் வைத்தால் எத்தனை கிராம். அளந்த அரிசி வீணாவதில்லை, அன்றைக்கே ஊறப்போட்டுவிடுவோம்.

உங்கள் வீட்டில் படி இல்லாவிட்டால் டம்ளர், சாண், முழம், தண்ணீர்க் குடம் எதுவும் போதும். பொதுப்பாடம் முக்கால் மணி நேரத்தைத் தாண்டவேண்டாம். அதற்கு மேல் போனால் சின்னப் பிள்ளை நெளிய ஆரம்பிக்கும், பெரிய பிள்ளைக்கு அலுத்துவிடும்.

செவ்வாயும் புதனும்: தனி நேரம்

இந்த இரண்டு நாளும் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு உட்காரவைப்போம். கடைக்குட்டியைத்தான் முதலில் கூப்பிடுவோம். பத்து நிமிடம் மடியில் வைத்துப் படம் காட்டிக் கதை சொல்லிவிட்டால் அடுத்த ஒரு மணி நேரம் அவன் வந்து இழுக்கமாட்டான், கடைசிக்குத் தள்ளினால் யாரையும் படிக்கவிடமாட்டான். மதியம் அவன் தூங்குகிற ஒன்றரை மணி நேரம் பெரியவளுக்கு. அந்த நேரத்தில் துணி மடிக்கவோ பாத்திரம் தேய்க்கவோ நான் போவதில்லை.

எழுத்து கற்கிற பிள்ளைக்கு 247 என்று சொல்லிப் பயமுறுத்தாதீர்கள். உயிர் 12, மெய் 18, ஆய்தம் ஒன்று, மீதி 216 உயிர்மெய்யும் துணைக்குறியை வைத்துப் பிடித்துக்கொள்ளலாம். ட, ப, ம, ய என்று கோடு எளிதாக வருகிற எழுத்திலிருந்து தொடங்கினால் முதல் வாரத்திலேயே 'படம்', 'பட்டம்' எழுதிவிடுவார்கள். பிள்ளை உண்மையில் வாசிக்கிறதா என்று பார்க்க, அது இதுவரை பார்க்காத ஒன்றைக் கொடுங்கள்: மளிகைச் சீட்டு, கல்யாணப் பத்திரிகை, மருந்துப் பெட்டி. நடுவுலவன் விஷயத்தில் நான் செய்யத் தவறியது இதைத்தான். அவன் 'ங்க', 'ஞ்ச', 'ந்த' வருகிற இடங்களில்தான் தடுமாறினான். தினமும் ஐந்து பத்திரிகைப் பெயர், ஐந்து ஊர்ப்பெயர் என்று எழுதிக் கொடுத்தோம், மூன்று மாதத்தில் பலகைகளை அவனே வாசித்துச் சொல்ல ஆரம்பித்தான்.

பெரிய பிள்ளை சின்னப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பது நல்லதுதான், சொல்லிக்கொடுக்கும்போது அதற்கும் பாடம் உறைக்கும். ஆனால் ஒரு நாளைக்கு 15 நிமிடத்துக்கு மேல் வேண்டாம். கூட்டுக் குடும்பத்தில் மூத்த பெண்பிள்ளை கொஞ்சம் கொஞ்சமாக வாத்தியாராகவும் ஆயாவாகவும் ஆகிவிடும், அதன் படிப்பு பின்னால் போவது நம் கண்ணுக்கே தெரியாது. எங்கள் பெரியவள் ஒரு தடவை, "அம்மா, எனக்கு யார் சொல்லித் தருவாங்க?" என்று கேட்டாள். அன்றிலிருந்து அவள் தன் பாடத்தை முடித்த பிறகுதான் தம்பி தங்கையைக் கவனிக்க அனுப்புகிறோம்.

வியாழன் முதல் சனி வரை

வியாழன் எங்கள் ஊர்ப்பக்கம் சந்தை. கொழுந்தனார் இரண்டு பேரை மட்டும் கூட்டிப்போவார், எல்லோரையும் கூட்டிப்போனால் பாடமும் நடக்காது, சாமானும் வராது. 500 ரூபாயும் ஒரு துண்டுச்சீட்டும் பிள்ளை கையில் இருக்கும். காய் வாங்குவதும் மீதிக் காசை எண்ணி வாங்குவதும் அவர்கள் பொறுப்பு. வீடு வந்ததும் வரவு செலவு எழுதிக் காட்டவேண்டும். வீட்டில் இருப்பவர்களுக்கு அன்று ஆங்கிலம்.

வெள்ளிக்கிழமை வீடு கழுவுகிற நாள். புதுப்பாடம் எதுவும் கிடையாது, நோட்டில் முடியாமல் நிற்கிற வேலையை மட்டும் முடிப்போம். வாரத்தில் இப்படி ஒரு நாள் காலியாக வைத்துக்கொள்ளுங்கள். காய்ச்சலும் விருந்தாளியும் தின்றுபோன நேரத்தையெல்லாம் இந்த நாளில்தான் மீட்கிறோம். எங்கள் கிளை நூலகத்துக்கும் அன்று விடுமுறை, அதனால் சனிக்கிழமை நூலகம். மாலையில் ஊர்ப் பிள்ளைகளோடு விளையாட்டு. வீட்டில் ஐந்து பேர் இருக்கிறார்களே என்று வெளிப் பிள்ளைகளோடு பழகவிடாமல் இருந்துவிடாதீர்கள், தம்பியிடம் விட்டுக்கொடுப்பதும் வெளிப் பிள்ளையிடம் பேசிச் சமாளிப்பதும் ஒன்றல்ல.

சட்டமும் தேர்வும்

இதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். இந்தியாவில் வீட்டுக்கல்விக்கென்று தனிச் சட்டம் இல்லை. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோர் கடமை என்கிறது, ஆனால் பெற்றோருக்குத் தண்டனை என்று எதையும் அதில் வைக்கவில்லை. அதே சட்டத்தின் 4ஆம் பிரிவின்படி, பள்ளிக்கே போகாத பிள்ளையும் வயதுக்கு ஏற்ற வகுப்பில் சேரலாம். நாளைக்கே ஒரு பிள்ளை பள்ளிக்குப் போகிறேன் என்றால் அந்தக் கதவு திறந்துதான் இருக்கிறது, இதைப் பிள்ளைகளிடமும் சொல்லி வைத்திருக்கிறோம். தமிழ்நாட்டில் 12½ வயது முடிந்தவர்கள் எட்டாம் வகுப்புத் தேர்வைத் தனித்தேர்வராக எழுதலாம். பத்தாம் வகுப்பைத் தனித்தேர்வராக எழுத அறிவியல் செய்முறைப் பயிற்சிக்கு முன்கூட்டியே பதிவு செய்யவேண்டும், அதைத் தவறவிட்டால் வருடம் போய்விடும். மத்திய அரசின் தேசியத் திறந்தநிலைப் பள்ளி (NIOS) வழியாக என்றால் பத்தாம் வகுப்புக்கு 14 வயது, ஐந்து பாடம், வருடத்தில் இரண்டு தடவை தேர்வு, பதிவு ஐந்து வருடத்துக்குச் செல்லும் என்பதால் பாடத்தைப் பிரித்துப் பிரித்தும் எழுதலாம். எங்கள் பெரியவள் முதலில் எட்டாம் வகுப்பு எழுதட்டும் என்று இருக்கிறோம்.

அப்புறம், சனிக்கிழமை இரவு நோட்டை மூடுவதற்கு முன்னால் ஒவ்வொரு பிள்ளையின் பத்தியிலும் தனி நேரம் இரண்டு தடவை நடந்ததா என்று பாருங்கள். நடந்திருந்தால் தேதியை எழுதி ஒரு கோடு போடுவோம். போன வாரம் நடுவுலவன் பத்தியில் ஒரு கோடுதான் இருந்தது. அவனே நோட்டைக் கொண்டுவந்து, "இன்னொண்ணு பாக்கி இருக்கும்மா" என்றான். மணி எட்டரை, அடுப்பில் பால் இருந்தது. ஓரகத்தி பாலைப் பார்த்துக்கொண்டாள், நாங்கள் இருவரும் திண்ணைக்குப் போனோம்.