எழுத்து ஒன்று, உச்சரிப்பு இரண்டு: ஆங்கிலத்தை உரக்க வாசிக்கப் பழகுபவர்களுக்கு

மனசுக்குள் படிக்கும்போது இந்தச் சிக்கல் தலைகாட்டாது. நாலு பேர் முன்னால் உரக்க வாசிக்கும்போதுதான் நாக்கு தடுமாறும். தமிழில் ‘கல்’, ‘பகல்’, ‘தங்கம்’ மூன்றிலும் ககரம் வேறு வேறாக ஒலிக்கிறது. எழுத்து நிற்கும் இடமே ஒலியைச் சொல்லிவிடும். ஆங்கிலத்தில் சில சொற்களுக்கு, வாக்கியத்தில் அந்தச் சொல் என்ன வேலை செய்கிறது என்று பார்த்தால்தான் ஒலி தெரியும். அதனால் முதலில் வாக்கியம் முழுவதையும் கண்ணால் ஓட்டிவிடுங்கள்.

படி 1: பெயரா, வினையா?

‘ரெக்கார்டு’ என்று நாம் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி சொல்கிறோம். பெயர்ச்சொல்லாக வந்தால் அழுத்தம் முதல் அசையில்: ரெக்-கோர்ட். வினையாக வந்தால் இரண்டாவதில்: ரி-கோர்ட். பர்மிட், ஆப்ஜெக்ட், பிரசென்ட், கான்ட்ராக்ட் எல்லாம் இதே வழி. முன்னால் ‘எ’, ‘மை’ இருந்தால் பெரும்பாலும் பெயர்; ‘வில்’, ‘கேன்’ இருந்தால் பெரும்பாலும் வினை. எல்லாச் சொல்லும் இதற்குள் அடங்காது. ‘ரிப்போர்ட்’ பெயரானாலும் வினையானாலும் அழுத்தம் இரண்டாவது அசையில்தான்.

படி 2: காலத்தைப் பாருங்கள்

ஆர்-இ-ஏ-டி. நிகழ்காலத்தில் ‘ரீட்’, இறந்தகாலத்தில் ‘ரெட்’. ‘எஸ்டர்டே’ போன்ற சொல் பக்கத்தில் இருந்தால் சுலபம். இல்லாவிட்டால்? ‘ஷீ’, ‘ஹீ’ தொடங்கும் சாதாரண வாக்கியத்தில் வினையின் கடைசியில் ‘எஸ்’ இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் ‘ரீட்ஸ்’. துணைவினை எதுவும் இல்லாமல், ‘எஸ்’ஸும் இல்லாமல் நின்றால் அது ‘ரெட்’. ‘ஹேஸ்’, ‘ஹேட்’ முன்னால் வந்தாலும் ‘ரெட்’தான். ‘டிட்’ வந்தால் மட்டும், நடந்து முடிந்ததைப் பற்றிய பேச்சானாலும், ‘ரீட்’.

படி 3: விதி இல்லாதவை

எல்-இ-ஏ-டி என்பது ‘லீட்’ ஆனால் வழிநடத்துவது. ‘லெட்’ ஆனால் ஈயம். வழிநடத்தினார் என்பதும் ‘லெட்’தான், ஆனால் அதன் எழுத்து எல்-இ-டி. ‘ரீட்’ பழக்கத்தில் இங்கேயும் ஓர் ‘ஏ’யைச் சேர்த்து எழுதிவிடுபவர்கள் ஏராளம். டி-இ-ஏ-ஆர்: டியர் என்றால் கண்ணீர், டேர் என்றால் கிழிப்பது, எழுத்து ஒன்றே. வின்ட் காற்று, வைன்ட் சுற்றுவது. இவற்றை வாக்கியத்தோடு மனப்பாடம் செய்வதுதான் நல்லது.

படி 4: தொண்டையில் விரல் வையுங்கள்

‘யூஸ்’ பெயராக வரும்போது கடைசி ஒலி வெறும் காற்று. வினையாக வரும்போது தொண்டை அதிரும். ‘ஹவுஸ்’, ‘எக்ஸ்கியூஸ்’ இரண்டும் அப்படியே. தமிழ் எழுத்தில் இந்த வேறுபாட்டைக் காட்ட முடியாது என்பதால், அகராதிச் செயலியில் ஒலியைக் கேட்டு, விரலை வைத்தபடி இரண்டையும் மாறிமாறிச் சொல்லிப் பாருங்கள். அங்கே உச்சரிப்புக் குறிப்பில் மேலே ஒரு சிறு செங்குத்துக் கோடு தெரியும். அதற்கு அடுத்த அசையில்தான் அழுத்தம்.