50 விநாடி வீழ்ச்சி, 5 நிமிடக் குடை: ஸ்கைடைவிங் கற்பதும் கற்பிப்பதும்

முதலில் ஒரு சின்னக் கணக்கு. 13,500 அடி உயரத்தில் விமானத்தை விட்டு வெளியேறுகிறீர்கள். முதல் 10 விநாடியில் ஏறக்குறைய 1,000 அடி இறங்குவீர்கள். அதற்குள் வேகம் மணிக்கு 190 கி.மீ. அளவுக்கு வந்து நிலைத்துவிடும். பிறகு ஒவ்வொரு 1,000 அடிக்கும் ஏறக்குறைய ஐந்தரை விநாடி. மாணவர்கள் பாராசூட்டை இழுக்கும் 5,500 அடிக்கு வந்து சேர 50 விநாடிகூட ஆகாது. அங்கிருந்து தரைக்கு வர நாலைந்து நிமிடம் பிடிக்கும். கற்க வருகிறவர்கள் எல்லோரும் அந்த 50 விநாடியை நினைத்துக்கொண்டுதான் வருகிறார்கள். ஆனால் கால் உடைவதும் முதுகு அடிபடுவதும் பெரும்பாலும் கடைசிப் பத்து விநாடியில், எந்தக் கோளாறும் இல்லாமல் அழகாக விரிந்த பாராசூட் குடையின் கீழ். அதனால்தான் இந்தக் கட்டுரையில் குடைக்குத்தான் அதிக இடம்.

இங்கே சொல்வது அமெரிக்க பாராசூட் சங்கமான யு.எஸ்.பி.ஏ.வின் முறை. பயிற்சியாளர் கூடவே விழுந்து கற்பிக்கும், ஏ.எஃப்.எஃப். எனப்படும் இந்தப் பயிற்சியை அமெரிக்காவுக்கு வெளியேயும் பல டிராப்ஸோன்கள், அதாவது குதிப்புத் தளங்கள், நடத்துகின்றன. தாய்லாந்திலும் துபாயிலும் இதை முடித்துவரும் தமிழர்கள் உண்டு. உயரக் கணக்குகள் இடத்துக்கு இடம் கொஞ்சம் மாறும். உங்கள் பயிற்சியாளர் சொல்லும் எண்தான் உங்களுக்கு எண்.

பணம் கட்டுவதற்கு முன்

வயது 18 நிரம்பியிருக்க வேண்டும். எடை வரம்பு பல இடங்களில் 100 கிலோவை ஒட்டி இருக்கும், முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். தோள்மூட்டு ஒருமுறையாவது நழுவியிருந்தால் அதை மறைக்காதீர்கள். வீழ்ச்சியின் காற்றில் கை விரிந்திருக்கும்போது மூட்டு மறுபடி நழுவினால், இழுக்க வேண்டிய கைப்பிடிக்குக் கை போகாது. ஸ்கூபா டைவிங் செய்துவிட்டு வருகிறவர்கள் 24 மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். கடலையும் வானத்தையும் ஒரே விடுமுறையில் முடிக்க நினைத்தால் குதிப்பை முதலில் வைத்துக்கொள்ளுங்கள். கொக்கி வைத்த ஷூ வேண்டாம், அதில் பாராசூட் கயிறு மாட்டும். சாதாரண ஓட்டப்பயிற்சி ஷூ போதும்.

கீழிருந்து காற்றை வீசி உங்களை மிதக்கவைக்கும், சிங்கப்பூர் செந்தோசாவில் உள்ளதுபோன்ற காற்றுச் சுரங்கத்தில் முன்கூட்டியே சில நிமிடம் பறந்து பார்ப்பது நல்ல முதலீடு. உடலை நிலைப்படுத்துவது அங்கே பழகிவிட்டால், மேலே மூளைக்கு உயரம் காட்டும் ஆல்டிமீட்டரைப் பார்க்க நேரம் கிடைக்கும்.

வீழ்ச்சி

எல்லாவற்றுக்கும் அடிப்படை ஆர்ச் எனப்படும் உடல் வளைவு. இறகுப்பந்தை எப்படிப் போட்டாலும் கனமான தக்கை கீழேயும் இறகு மேலேயுமாகத் திரும்பிக்கொள்ளும் அல்லவா? இடுப்பை முன்னால் தள்ளி, தலையை நிமிர்த்தி, கைகால்களைத் தளர்வாக விரித்தால் உங்கள் உடலும் அப்படித்தான் திரும்பும். முழங்காலைச் சுமார் 45 பாகை மடக்கி, கால்விரல்களை நீட்டுங்கள். குதிகாலைப் பின்பக்கத்தோடு ஒட்டவைத்தால் பின்னோக்கி வழுக்குவீர்கள். காலை அளவுக்கு மீறி நீட்டினால் முன்னோக்கிப் போவீர்கள். ஒரு முழங்கால் மட்டும் தாழ்ந்தால் உடல் சுழல ஆரம்பிக்கும். மாணவர்களின் சுழற்சிக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். மாணவருக்கோ தன் கால் எங்கே இருக்கிறது என்றே தெரியாது. வீட்டில் தரையில் குப்புறப் படுத்து, பின்னால் யாரையாவது நிற்கவைத்துக் கால் நிலையைச் சொல்லச் சொல்லிப் பழகுங்கள்.

முதல் மூன்று நிலைகளில் இருபுறமும் இரண்டு பயிற்சியாளர்கள் உங்களைப் பிடித்துக்கொண்டே விழுவார்கள். அடிவானத்தைப் பார், ஆல்டிமீட்டரைப் பார், இடப்பக்கப் பயிற்சியாளரைப் பார், வலப்பக்கப் பயிற்சியாளரைப் பார். இந்தச் சுற்றை முடித்ததும் மூன்று முறை கைப்பிடியைத் தொட்டுப் பழக வேண்டும். காற்றிரைச்சலில் பேச்சு கேட்காது, எல்லாம் கைச்சாடைதான். இரண்டு விரல் நீண்டால் காலை நீட்டு. கட்டைவிரல் கீழே காட்டினால் இடுப்பைத் தள்ளு. சுட்டுவிரல் நீண்டால் உடனே இழு, கேள்வி கேட்காதே.

இழுப்பதற்கு ஒரு முன்னுரிமை வரிசை உண்டு. முதலில் இழுப்பது, அடுத்து சரியான உயரத்தில் இழுப்பது, நிலையாக இருந்துகொண்டு இழுப்பது அதற்கும் அடுத்தது. உடல் உருண்டுகொண்டிருக்கிறது, 5,500 அடி வந்துவிட்டது என்றால் உருண்டபடியே இழுக்க வேண்டும். "இன்னும் ஒரு விநாடியில் சரிசெய்துவிடுவேன்" என்று உயரத்தைக் கரைப்பதுதான் ஆபத்து. பயிற்சியாளர் பிடிக்காமல் விழும் பிந்தைய நிலைகளில் நீங்கள் நிலைதடுமாறினால், ஆர்ச் செய்து ஐந்து விநாடி பாருங்கள். சரியாகவில்லையென்றால் இழுங்கள்.

குடை விரிந்ததும்

நிமிர்ந்து பாருங்கள். செவ்வகமாக இருக்கிறதா, ஆடாமல் இருக்கிறதா, திருப்பினால் திரும்புகிறதா, ஃப்ளேர் செய்தால், அதாவது டாகில் எனப்படும் இரு பக்கத் திசைதிருப்பும் கைப்பிடிகளையும் சேர்த்து இழுத்தால், வேகம் குறைகிறதா? கயிறுகள் முறுக்கிக்கொண்டிருந்தால், தோளிலிருந்து கயிறுகளுக்குப் போகும் ரைசர் பட்டைகளை அகட்டிப் பிடித்து, ஊஞ்சலில் உதைப்பதுபோல் காலை உதைத்து முறுக்கை அவிழ்க்கலாம். குடை மெல்ல விரியக் கயிறுகள் வழியே இறங்கும் ஸ்லைடர் துணி பாதியில் நின்றால், குடையின் ஓரக் காற்றறைகள் மூடியிருந்தால், இரண்டு டாகிலையும் முழுக்க இழுத்துப் பிடித்து மெல்ல விடுங்கள். இவை தொல்லைகள், சரிசெய்துவிடலாம். குடைமேல் கயிறு விழுந்து இரண்டாகப் பிரிந்திருப்பது, பையைவிட்டே குடை வெளிவராதது, வேகமாகச் சுழல்வது ஆகியவை வேறு வகை, குடையைக் கழற்றிவிட வேண்டியவை.

மாணவர்களுக்கு முடிவெடுக்கும் உயரம் 2,500 அடி. அங்கே வரும்போது குடையைத் திருப்பவும் ஃப்ளேர் செய்யவும் முடியவில்லை என்றால் யோசிக்க இனி ஒன்றும் இல்லை. மெயின் எனப்படும் முதல் குடையைக் கழற்றிவிடும், வலப்பக்கம் உள்ள சிவப்பு கட்அவே கைப்பிடியைப் பார்த்து, இரு கையாலும் பிடி. மாற்றுக் குடையான ரிசர்வின் இடப்பக்கக் கைப்பிடியைப் பார். சிவப்பை உரித்துக் கை நீளும் வரை தள்ளு. உடனே ரிசர்வை இழு. பார்ப்பதற்கு முன் இழுக்கக் கூடாது. பதற்றத்தில் கை துணியைத்தான் பிடிக்கும். இந்த வரிசையைத் தரையில் தொங்கவிட்ட ஹார்னஸ் என்ற உடற்பட்டையில் நூறு தடவை செய்தாலும் அதிகம் இல்லை. 1,000 அடிக்குக் கீழே வந்துவிட்டால் கட்அவே செய்யாதீர்கள், ரிசர்வை மட்டும் இழுங்கள்.

இரண்டு குடையும் வெளியே வந்துவிட்டால் அவை எப்படி நிற்கின்றன என்பதைப் பொறுத்து நடக்க வேண்டும். முன்பின்னாகவோ பக்கத்தில் பக்கமாகவோ அமைதியாகப் பறந்தால் பொதுவாக அப்படியே மென்மையாகத் தரையிறங்கலாம். எதிரெதிர் திசையில் விலகித் தரையைப் பார்த்துப் பாய்ந்தால் மெயினைக் கழற்றிவிட வேண்டும். இதையும் மனப்பாடமாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஏ.ஏ.டி. என்ற கருவி உங்கள் ரிக்கில், அதாவது இரண்டு குடையும் உள்ள முதுகுப்பையில், இருக்கும். மாணவர் மாதிரிகள் சுமார் 750 அடியில் இன்னும் வேகமாக விழுந்துகொண்டிருந்தால் ரிசர்வைத் தானாக விரிக்கும். அதை நம்பி ஒரு விநாடிகூட உயரத்தைக் கணக்கிடாதீர்கள்.

தரையிறங்கும் பாதை

இலக்குக்கு அருகே, காற்று வரும் பக்கத்தில் நின்று உயரத்தைக் கரையுங்கள். 1,000 அடியில் பாதை தொடங்கும். முதலில் காற்றோடு சேர்ந்து இலக்கைக் கடந்து பின்னோக்கிப் போங்கள். 600 அடியில் 90 பாகை திரும்பிக் காற்றுக்குக் குறுக்கே. 300 அடியில் இன்னொரு 90 பாகை திரும்பிக் காற்றை எதிர்கொண்டு இலக்கை நோக்கி. காற்று கூடும்போது கடைசிக் கட்டத்தில் தரைமேல் நகரும் தூரம் குறையும், முதல் கட்டத்தில் கூடும். அதனால் திரும்பும் இடங்களை இலக்கின் பக்கமாகவும் நுழைவு இடத்தைக் காற்று வரும் பக்கமாகவும் நகர்த்த வேண்டும். விமானத்தில் ஏறும் முன்பே வான்படத்தில் விரல் வைத்து இந்த இடங்களைச் சொல்லிப் பாருங்கள். ரேடியோவில் குரல் வரும் என்று காத்திருக்காதீர்கள். ரேடியோ அறுந்துபோகும், பேட்டரி தீரும். மாணவர்களுக்கு யு.எஸ்.பி.ஏ. வரம்பு மணிக்கு 14 மைல் காற்று, அதாவது சுமார் 22 கி.மீ. வரம்புக்கு உள்ளேயே இருந்தாலும் காற்று குதித்துக் குதித்து வீசினால் தரையில் காத்திருப்பதில் எந்தத் தவறும் இல்லை.

இப்போது மிக முக்கியமான இடம். 300 அடிக்குக் கீழே வந்துவிட்டீர்கள், எதிரே வேலி தெரிகிறது. ஒரு டாகிலை வெடுக்கென்று இழுத்தால் குடை சாய்ந்து மூக்கைக் கீழே குத்தி வேகமெடுக்கும். அந்த வேகத்திலிருந்து மீளத் தேவையான உயரம் உங்களிடம் இருக்காது. நல்ல குடையின் கீழ் உயிர்போகும் விபத்துகள் பல இப்படித்தான் நடக்கின்றன. அதற்குப் பதில் இரண்டு டாகிலையும் பாதி வரை இழுத்துப் பிடித்து, ஒன்றை மட்டும் இன்னும் கொஞ்சம் இழுங்கள். குடை சாயாமல் தட்டையாகத் திரும்பும். இதை 2,500 அடிக்கு மேலே ஒவ்வொரு குதிப்பிலும் இரண்டு தடவை செய்து பழகுங்கள். கண்ணும் வேலியில் நிற்கக் கூடாது. பார்க்கும் இடத்துக்குத்தான் குடை போகும். காலியான இடத்தைப் பாருங்கள். இலக்கை அடைவதைவிட, காற்றுக்கு எதிராகத் திரும்புவதைவிட, குடை சமமாக இருப்பதும் எதிரே தடையில்லாமல் இருப்பதும் முக்கியம். காற்றோடு சேர்ந்தே தரையிறங்க வேண்டிவந்தாலும் சமமான குடையோடு உருண்டு விழுந்தால் பெரும்பாலும் சிராய்ப்போடு தப்பிக்கலாம்.

ஃப்ளேர் சுமார் 10 முதல் 12 அடியில் தொடங்கும். கண்ணைக் காலடியில் வைக்காமல், நல்ல தூரம் முன்னே தரையில் வையுங்கள். நேர்கீழே பார்த்தால் தரை ஏறி வருவதுபோல் தோன்றிக் கை முன்கூட்டியே இழுத்துவிடும். உயரத்தில் இழுத்துவிட்டீர்கள் என்றால் டாகிலை மேலே விடாதீர்கள்! விட்டால் குடை முன்னே பாய்ந்து, நீங்கள் ஊசல்போல் பின்னால் போய், வேகமாகத் தரையைத் தொடுவீர்கள். பிடித்த இடத்திலேயே பிடித்து வைத்து, தரை நெருங்கியதும் மிச்சத்தை இழுத்துக் கால்களைச் சேர்த்து உருளுங்கள். இன்னொரு பொதுவான தவறு, கடைசி நொடியில் ஒரு கையை ஊன்றுவதற்காகத் தரைப்பக்கம் நீட்டுவது. கையோடு டாகிலும் இறங்கும், குடை அந்தப் பக்கம் திரும்பும், மணிக்கட்டு உடையும். இரண்டு கையும் ஒட்டியபடி தொடைக்கு இடையில் வந்து முடியட்டும்.

பேக்கிங்

முதல் உரிமமான ஏ லைசென்ஸுக்குக் குறைந்தது 25 குதிப்பு வேண்டும். அதோடு குடையை நீங்களே மடித்துக் காட்டவும் வேண்டும். மடிப்பில் நடக்கும் தவறு பல நேரம் அடுத்த குதிப்பில்தான் தெரியும். டாகில்களின் பிரேக் கயிறு இரண்டும் சரியாக மாட்டியிருக்கிறதா பாருங்கள், ஒன்று மட்டும் விடுபட்டால் குடை விரியும்போதே ஒருபக்கம் சுழலும். ஸ்லைடரைத் தடுப்புகளில் முட்டும் வரை மேலே ஏற்றுங்கள். கீழே சரிந்திருந்தால் குடை அடிப்பதுபோல் விரிந்து கழுத்தைப் பதம் பார்க்கும். மெயினை வெளியே இழுக்கும் சின்னக் குடையான பைலட் சூட்டின் நடுக்கயிற்றை இழுத்து விரிந்த நிலைக்குக் கொண்டுவாருங்கள். அதன் பட்டையில் உள்ள சிறு ஜன்னலில் நிறம் தெரிந்தால் சரி. நிறம் தெரியாமல் மூடினால் மேலே அது சுருங்கியபடியே பின்னால் இழுபடும், பையை இழுத்துத் திறக்கும் பலம் அதற்கு இருக்காது. மூடும் கயிற்று வளையம் பிசிறடித்திருந்தால் யோசிக்காமல் மாற்றுங்கள். ரிசர்வில் கை வைக்கவே வேண்டாம். அமெரிக்காவில் 180 நாளுக்கு ஒருமுறை சான்று பெற்ற ரிக்கர் அதைத் திறந்து மடிப்பார்.

சொல்லிக்கொடுப்பவர்களுக்கு

கோச் தரநிலைக்கு அடுத்த நிலை உரிமமான பி லைசென்ஸும் 100 குதிப்பும் தேவை. ஏ.எஃப்.எஃப். பயிற்சியாளராக வீழ்ச்சி நேரமே ஆறு மணி நேரம் சேர்ந்திருக்க வேண்டும். தரையிறங்கியதும் முதலில் மாணவரைப் பேசவிடுங்கள். அவருக்கு எது நினைவில்லையோ அங்கேதான் அவர் மனம் தாங்க முடியாமல் திணறியிருக்கிறது. பிறகு வீடியோவைப் பார்த்து ஒரே ஒரு திருத்தம் சொல்லுங்கள். நான்கு சொன்னால் கதவருகே நான்கும் மறந்துபோகும். மூச்சை அடக்கிக்கொள்கிறவரை வெளியேறும்போது எண்ணிக்கையை உரக்கக் கத்தச் சொல்லுங்கள்; கத்த வேண்டுமென்றால் மூச்சு விட்டுத்தானே ஆக வேண்டும், உடலும் தளரும். குடைப் பாடத்தை வீழ்ச்சிப் பாடத்தின் வால்போல் ஐந்து நிமிடத்தில் முடிக்காதீர்கள். அவர் மேலே தனியாக இருக்கப்போவது அந்தப் பகுதியில்தான்.

லைசென்ஸ் வந்த பிறகு

இங்கேதான் இந்த விளையாட்டின் இனிமை தொடங்குகிறது. இன்னொருவரை நோக்கிப் பறந்து, வேகத்தைக் குறைத்து, மெல்லக் கையைப் பற்றுவது. நான்கு பேர் கைகோத்து உருவம் மாற்றுவது. மாலைவெயிலில் உயரத்திலேயே குடையை விரித்துப் பொறுமையாக இறங்குவது. இரண்டு பேராகத் தொடங்கி, ஒருவருக்கொருவர் பழகிய பின் மூன்று, நான்கு என்று கூட்டுங்கள். பெரிய குடையை விட்டுச் சின்னக் குடைக்கு மாற அவசரம் வேண்டாம். உங்கள் எடையோடு ரிக்கின் எடையையும் பவுண்டில் கூட்டி, குடையின் சதுர அடியால் வகுத்துப் பாருங்கள். விடை 1-க்குக் கீழே இருக்கும் வரை குடை உங்கள் தவறை ஓரளவு பொறுத்துக்கொள்ளும். கைகால்களுக்கு இடையே துணி இறக்கை வைத்த விங்சூட்டுக்கு 200 குதிப்பு கட்டாயம். ஹெல்மெட்டில் கேமரா மாட்டவும் யு.எஸ்.பி.ஏ. பரிந்துரைப்பது 200தான், அதில் கயிறு மாட்டும் என்பது ஒரு காரணம், படம் எடுக்கும் ஆசையில் கண் ஆல்டிமீட்டரை மறந்துவிடும் என்பது இன்னொன்று.