மெட்ப்ளொட்லிப் வரைபில் தமிழ் உடைந்தால்: கட்டம் வேறு, கொம்பு வேறு

மட்டக்களப்பு உன்னிச்சைக் குளத்துப் பக்கம் வயல் செய்யும் என் மாமா, முற்றத்தில் மழைமானி வைத்து ஒவ்வொரு நாள் காலையும் அளவைக் கொப்பியில் எழுதி வருபவர். பெரும்போகத்துக்கு, அதாவது பெருமழைக்கால நெற்செய்கைக்கு, முந்திய கமக்காரர் கூட்டத்தில் காட்ட, அந்தக் கொப்பியை ஒரு வரைபாக்கித் தரச் சொன்னார். பைத்தனில் வரைபு போடும் நூலகமான மெட்ப்ளொட்லிப்பில் எண்களை ஏற்றினேன், சலாகை வரைபு (பார் சார்ட்) போட்டேன், தலைப்பைத் தமிழில் கொடுத்தேன். தலைப்பு வர வேண்டிய இடத்தில் வரிசையாக வெற்றுக் கட்டங்கள் வந்தன. அதைச் சரி செய்து பிரின்ட் எடுத்துக் கொண்டுபோனால், முன்வரிசையில் இருந்த பெரியவர் ஒருவர் கண்ணாடியை ஏற்றிப் பார்த்துவிட்டு, “இதென்ன மனே, எழுத்தெல்லாம் இடம் மாறிக் கிடக்கு?” என்றார். அவர் சொன்னது சரி. அந்த இரண்டாவது கோளாறைத் தீர்க்க எனக்கு மூன்று இரவுகள் போயின. உங்களுக்குப் போகக்கூடாது என்பதற்காகத்தான் இந்தப் பதிவு.

பைத்தன், அட்டவணைத் தரவைக் கையாளும் பண்டாஸ், மெட்ப்ளொட்லிப் மூன்றையும் நிறுவிவிட்டீர்கள், ஒரு சாதாரண வரைபு போடத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன். என்னிடம் இருப்பது 3.8 பதிப்பு. கட்டளைகளை ஒலிப்படி தமிழில் எழுதுகிறேன். நீங்கள் வழக்கம்போல ஆங்கில எழுத்தில் அடியுங்கள்.

படி 1: எந்தக் கோளாறு என்று முதலில் பாருங்கள்

வரைபில் தமிழுக்குப் பதிலாகக் கட்டங்கள் தெரிந்தால், எழுத்துரு இல்லை என்று பொருள். மெட்ப்ளொட்லிப் கூடவே கொண்டுவரும் டெஜாவு சான்ஸ் எழுத்துருவில் தமிழ் கிடையாது. எழுத்துகள் தெரிகின்றன, ஆனால் கொம்பு தவறான பக்கத்தில் நிற்கிறது என்றால் அது வேறு நோய். இரண்டையும் ஒன்றாக எண்ணிக்கொண்டு எழுத்துருவை மாற்றி மாற்றிப் பார்ப்பதில்தான் பலரின் நேரம் போகிறது.

கட்டம் வரும்போது கறுப்புத் திரையில் ஓர் எச்சரிக்கையும் ஓடும். அதைத் தள்ளிவிடாமல் அதிலுள்ள எண்ணைப் பாருங்கள். 2944 முதல் 3071 வரை என்றால் தமிழ் எழுத்து. எடுத்துக்காட்டாக 2990 என்றால் ‘ம’. 8722 என்று வந்தால் அது தமிழே இல்லை, கழித்தல் குறி. சராசரியை விட எவ்வளவு கூடியது, குறைந்தது என்று வரைபவர்களுக்கு இது கட்டாயம் வரும். மெட்ப்ளொட்லிப்பின் அமைப்புகள் இருக்கும் ‘ஆர்சிபராம்ஸ்’ இல் ‘அக்ஸஸ்.யுனிகோட்_மைனஸ்’ என்ற அமைப்பை ‘ஃபோல்ஸ்’ ஆக்கினால் சாதாரணச் சிறுகோடு வந்து நிற்கும்.

படி 2: கட்டத்தைப் போக்குதல்

நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவை இறக்குங்கள். உங்கள் விண்டோஸில் லதா எழுத்துரு இருந்தால் அதுவும் வேலை செய்யும், ஆனால் சிறிய அளவில் நோட்டோதான் தெளிவு. இறக்கிய பொதியைப் பிரித்தால் ஒரு மாறும் எழுத்துருக் கோப்பும் ‘ஸ்டட்டிக்’ என்ற கோப்புறையும் இருக்கும். கோப்புறைக்குள் இருக்கும் ‘ரெகுலர்’, ‘போல்ட்’ இரண்டையும் எடுங்கள். மாறும் எழுத்துருவை மெட்ப்ளொட்லிப் முழுதாகக் கையாளாது. தலைப்பைத் தடிப்பாக்கச் சொன்னாலும் தடிக்காது.

கணினியில் எழுத்துருவை நிறுவிய பின்னும் மெட்ப்ளொட்லிப் அதைக் காணாமல் இருக்கலாம். அது எழுத்துருப் பட்டியலை ஒருமுறை எடுத்துச் சேமித்து வைத்துக்கொள்வதுதான் காரணம். சேமிப்பை அழிப்பது ஒரு வழி. எனக்குப் பிடித்தது ‘ஃபொன்ட்மனேஜர்.அட்ஃபொன்ட்’ என்ற கட்டளைக்குள் கோப்பின் பாதையை நேரடியாகக் கொடுப்பது. எழுத்துருக் கோப்பை வேலைக் கோப்புறைக்குள்ளேயே வைத்துக்கொண்டால், வேறு கணினிக்குக் கொண்டுபோனாலும் அப்படியே ஓடும்.

அப்புறம் ‘ஆர்சிபராம்ஸ்’ இல் ‘ஃபொன்ட்.ஃபமிலி’ க்கு ஒரே பெயரைக் கொடுக்காமல் இரண்டு பெயர்களைப் பட்டியலாகக் கொடுங்கள்: முதலில் நோட்டோ சான்ஸ் தமிழ், அடுத்து டெஜாவு சான்ஸ். 3.6 பதிப்பிலிருந்து, முதல் எழுத்துருவில் இல்லாததை அடுத்ததில் தேடி எடுக்கும் வசதி இருக்கிறது. கழித்தல் குறி, பாகைக் குறி, ஆங்கிலப் பெயர் எல்லாம் இந்த ஒரு வரியால் தீரும்.

படி 3: கொம்பு இடம் மாறுவது

இதுதான் என் மூன்று இரவுகளையும் எடுத்தது.

‘மழைவீழ்ச்சி’ என்ற சொல்லைப் பாருங்கள். யுனிகோட்டில் முதலில் ழ, அதன் பின் ஐகாரக் குறி என்ற வரிசையில்தான் இது சேமிக்கப்பட்டிருக்கிறது. திரையில் காட்டும் மென்பொருள் அந்தக் குறியைத் தூக்கி ழ-வுக்கு முன்னால் வைக்க வேண்டும். உலாவியும் வேர்டும் இதைச் செய்கின்றன. மெட்ப்ளொட்லிப் 3.8 செய்யாது, வந்த வரிசையிலேயே ஒவ்வொன்றாக அடுக்கிவிடும். அதனால் ‘மழ’ தனியாக நிற்கும், கொம்பு அடுத்திருக்கும் ‘வீ’ யோடு ஒட்டிக்கொள்ளும். ‘மட்டக்களப்பு’ வில் கொம்பே இல்லை, ஆனாலும் கடைசிப் ‘பு’ உடையும்: ப தனியாக, உகரக் குறி அதற்குப் பக்கத்தில் தனியாக. ப-வும் உகரமும் சேர்ந்து ஒரே வடிவமாக வேண்டும் என்ற விதி எழுத்துருவுக்குள்ளேயே இருக்கிறது. அந்த விதியை வாசிக்க மெட்ப்ளொட்லிப்பில் ஆளில்லை.

ஆகவே எத்தனை எழுத்துரு மாற்றினாலும் இது தீராது. நான் பதினொரு எழுத்துருக்கள் மாற்றிப் பார்த்தேன்.

குறியை எழுத்துக்கு முன்னால் நாமே தட்டச்சி ஏமாற்றலாம் என்று சிலர் சொல்வார்கள். கொம்பு சரியாகத் தெரியும், ஆனால் கு, பு, மு எல்லாம் உடைந்தபடியேதான் இருக்கும். யுனிகோட் அல்லாத பழைய பாமினி எழுத்துருவைப் போட்டால் எல்லாமே சரியாகத் தெரியும், ஏனென்றால் பாமினியில் கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே தட்டச்சுகிறோம். ஆனாலும் பாமினியை நான் பரிந்துரைக்க மாட்டேன். அதற்குள் இருப்பவை ஆங்கில எழுத்துகள்; தமிழ் வடிவம் மேலே போர்த்தப்பட்டிருக்கிறது, அவ்வளவுதான். அந்த வரைபைப் பிறகு யாராவது தேடினாலோ, எழுத்தை நகலெடுத்தாலோ தமிழ் கிடைக்காது. நம் தரவு நம் மொழியில் தேடக்கூடியதாக இருக்க வேண்டும் என்பதில் எனக்கு விட்டுக்கொடுப்பு இல்லை.

நான் இப்போது செய்வது இது. ‘ஆர்சிபராம்ஸ்’ இல் ‘எஸ்விஜி.ஃபொன்ட்டைப்’ என்பதை ‘நன்’ ஆக்குங்கள். சேமிக்கும் கட்டளைக்கு முன்னால் இந்த வரி இருக்க வேண்டும். பிறகு புள்ளிப் படமான பிஎன்ஜியாக இல்லாமல், எழுத்தை எழுத்தாகவே வைத்துக்கொள்ளக்கூடிய படவகையான எஸ்விஜியாகச் சேமியுங்கள். இந்த வரி இல்லாவிட்டால் மெட்ப்ளொட்லிப் எழுத்துகளைக் கோடுகளாக மாற்றி, உடைந்த வரிசையிலேயே உறையவைத்துவிடும். வரி இருந்தால் ‘மழைவீழ்ச்சி’ என்ற சொல் எழுத்தாகவே கோப்புக்குள் போகும். கோப்பை உலாவியில் இழுத்துப் போட்டுப் பாருங்கள்: கொம்பு தன் இடத்தில் நிற்கும். முதல் தடவை அதைப் பார்த்தபோது மாமாவை எழுப்பிக் காட்டினேன்.

இன்னொன்று: மெட்ப்ளொட்லிப் தன் சொந்த முன்னோட்டச் சாளரத்தில் அப்போதும் உடைந்த எழுத்தைத்தான் காட்டும். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். சேமித்த கோப்பைப் பாருங்கள்.

வேர்டில் ஒட்டவோ பிரின்ட் எடுக்கவோ படமாக வேண்டும் என்றால், எஸ்விஜியை இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் திறந்து 300 டிபிஐயில் பிஎன்ஜியாக வெளியேற்றுங்கள். இங்க்ஸ்கேப் இலவசம், தமிழைச் சரியாகக் கையாளுகிறது. குறிவிளக்கப் பெட்டி சிலவேளை கொஞ்சம் அகலமாக வரும், ஏனென்றால் பெட்டியின் அளவை மெட்ப்ளொட்லிப் உடைந்த எழுத்தை வைத்துத்தான் கணக்கிட்டது. இங்க்ஸ்கேப்பிலேயே இழுத்துச் சரி செய்யலாம்.

வேறு இரண்டு வழிகளும் உண்டு. மெட்ப்ளொட்லிப்புக்காக வரைந்து கொடுக்கும் பகுதியைப் பின்தளம் என்பார்கள். எம்பிஎல்கெய்ரோ என்ற பின்தளம், எழுத்துகளைச் சரியாக அடுக்கும் ராக்ம் நூலகத்தின் துணையோடு நேராகவே சரியான தமிழை வரையும். லினக்ஸ் வைத்திருப்பவர்கள் முயன்று பாருங்கள். பிஜிஎஃப் பின்தளத்தில் சீலேடெக் (லேடெக் என்ற ஆவண அச்சுக்கோப்பு மென்பொருளின் ஒரு வகை) வழியாகவும் வரையலாம். ஆய்வேட்டையே லேடெக்கில் எழுதுபவர்களுக்கு அது பொருத்தம். ஒரு வரைபுக்காக அவ்வளவு பெரிய லேடெக் பொதியை இறக்குவதை, டேட்டா வாங்கிப் பாவிக்கும் யாருக்கும் நான் சொல்ல மாட்டேன்.

படி 4: ஆண்டை ஒக்டோபரில் தொடங்குங்கள்

இது எழுத்துச் சிக்கல் இல்லை, ஆனால் கிழக்கு மாகாண மழையை வரைபவர்கள் தவறவிடக்கூடாதது. நமக்குப் பெருமழை ஒக்டோபர் அளவில் தொடங்கி அடுத்த ஆண்டின் தொடக்கம்வரை போகும். சனவரி முதல் டிசம்பர் வரை அச்சு போட்டால் ஒரே பருவத்தின் மழை வரைபின் இரண்டு ஓரங்களிலும் பிரிந்து கிடக்கும், நடுவில் ஒரு பள்ளம். மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் 2011 சனவரி வெள்ளத்தை மறந்தவர்கள் இல்லை. அந்த வெள்ளம் அழித்தது 2010இல் விதைத்த பெரும்போகத்தை. நாட்காட்டி ஆண்டுப்படி வரைந்தால் விதைப்பு ஒரு சலாகையிலும் அழிவு இன்னொரு சலாகையிலும் விழும்.

பண்டாஸில் ஒரு வரி போதும்: மாதம் 10 அல்லது அதற்கு மேல் என்றால் ஆண்டோடு 1 கூட்டி ‘பருவம்’ என்ற புதிய நிரலில் வையுங்கள். பருவம் 2011 என்றால் அச்சில் ‘2010/11’ என்று எழுதுங்கள். கமக்காரர்கள் அப்படித்தான் பேசுவார்கள், உடனே புரியும்.

மாதப் பெயர்களைத் தமிழில் வைத்துக் ‘குரூப்பை’ செய்தால் ஆகஸ்ட், ஏப்ரல், ஒக்டோபர் என்று அகர வரிசையில் வந்து நிற்கும். மாதத்தை எண்ணாகவே வைத்துக் கணக்கை முடித்து, பெயரைக் கடைசியில் அச்சில் மட்டும் ஒட்டுங்கள்.

பின்சேர்க்கை 1

அக்கரைப்பற்றிலிருந்து ஒரு தங்கச்சி எழுதியிருந்தார்: வீட்டில் சரியாகத் தெரிந்த எஸ்விஜி, அச்சகத்துக் கணினியில் வேறு எழுத்துருவில் வந்து தலைப்பு சட்டகத்தைத் தாண்டிவிட்டதாம். எஸ்விஜிக்குள் எழுத்துருவின் பெயர் மட்டும்தான் போகிறது, எழுத்துரு போவதில்லை. வெளியே கொடுக்குமுன் இங்க்ஸ்கேப்பில் எல்லாவற்றையும் தெரிவு செய்து ‘ஒப்ஜெக்ட் டு பாத்’ கொடுத்து, அந்தப் பிரதியை வேறு பெயரில் சேமித்து அனுப்புங்கள். எழுத்தாக இருக்கும் மூலக் கோப்பை அழிக்க வேண்டாம்.

பின்சேர்க்கை 2

இன்னொருவரின் வரைபில் கொக்கட்டிச்சோலைக்கு இரண்டு சலாகைகள் வந்திருந்தன. பெயரை எத்தனை முறை பார்த்தாலும் இரண்டும் ஒன்றுதான். எக்செல் கோப்பை அனுப்பச் சொல்லி, ஒவ்வொரு பெயரின் எழுத்து நீளத்தையும் ‘லென்’ போட்டுப் பார்த்தேன். ஒன்றில் 15, மற்றதில் 17. ‘கொ’ வையும் ‘சோ’ வையும் ஒருவர் ஒரே குறியாகத் தட்டச்சியிருக்கிறார், மற்றவர் கொம்பைத் தனியாகவும் காலைத் தனியாகவும் தட்டச்சியிருக்கிறார். கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு இரண்டு.

‘யுனிகோட்டேட்டா.நோமலைஸ்’ கட்டளையில் ‘என்எஃப்சி’ வகையைக் கொடுத்து ஊர்ப் பெயர் நிரல் முழுவதையும் ஓட்டினால் இரண்டும் ஒன்றாகும். கூடவே ‘ஸ்ட்ரிப்’ போட்டு முன்பின் வெற்றிடத்தையும் நீக்கிவிடுங்கள். ஒன்றை மட்டும் இது பிடிக்காது: ஔகாரக் குறிக்குப் பதிலாகக் கொம்பும் ள என்ற எழுத்தும் போட்டுத் தட்டச்சியிருந்தால் நாமேதான் தேடி மாற்ற வேண்டும். நோமலைஸ் செய்த பிறகு ‘யுனிக்’ கொடுத்துப் பெயர்ப் பட்டியலை ஒருமுறை கண்ணால் வாசித்துவிட்டு வரையத் தொடங்குங்கள்.