லைசோசைமை நீரில் ஓடவிடுவது எப்படி: முதல் சிமுலேஷனுக்கு

மாலிகியூலர் டைனமிக்ஸ் (அணுக்கள் எப்படி அசைகின்றன என்று கணினியில் கணக்கிட்டுப் பார்ப்பது) பழக லைசோசைமை எடுத்துக்கொள்ளுங்கள். கோழிமுட்டை வெள்ளைக்கருவில் இருக்கும் சின்னப் புரதம், 129 அமினோ அமிலங்கள்தான், புரத அமைப்புகளின் தரவுத்தளமான பிடிபியில் 1ஏகேஐ என்று தேடினால் அதன் கோப்பு கிடைக்கும். மென்பொருள் குரோமாக்ஸ், இலவசம்.

ஓட்டத்தை விடத் தயாரிப்புதான் பெரிய வேலை, அவசரப்படாதீர்கள். கோப்பில் இருக்கும் படிக நீரை நீக்குங்கள், விடுபட்ட அணுக்கள் உண்டா என்று பாருங்கள். ஹைட்ரஜன்களை மென்பொருளே சேர்த்துவிடும், ஆனால் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலத்தில் எந்த நைட்ரஜன் மேல் சேர்க்கிறது என்பதை நீங்களே சரிபாருங்கள் (லைசோசைமில் ஒன்றே ஒன்றுதான், அதனால் பழக நல்லது).

ஃபோர்ஸ் ஃபீல்டை (அணுக்களுக்கு இடையிலான விசைகளைக் கணக்கிடும் சூத்திரங்களும் அளவுருக்களும்) தேர்ந்தெடுக்கும்போதே அதற்குப் பொருந்தும் நீர் மாடலையும் முடிவு செய்துவிடுங்கள். நீர்தானே என்று விட முடியாது: டிப்3பி என்ற பரவலான நீர் மாடலில் நீர் மூலக்கூறுகள் நிஜத்தைவிட இரண்டு மடங்குக்கும் மேல் வேகமாகப் பரவும், அதில் ஒரு மாசுப்பொருளின் பரவல் வேகத்தைக் கணக்கிட்டால் விடை நிச்சயம் பிசகும்.

அப்புறம் புரதத்தைச் சுற்றி 1 நானோமீட்டர் இடம் விட்டுப் பெட்டி, நீர், புரதத்தின் +8 மின்னூட்டத்தைச் சமன்செய்ய 8 குளோரைடு அயனிகள். அணுக்கள் ஒன்றோடொன்று மோதாதபடி நகர்த்தி மொத்த அமைப்பின் ஆற்றலைக் குறையுங்கள். பிறகு புரதத்தைப் பிடித்துவைத்தபடி 300 கெல்வினில் 100 பிகோநொடி வெப்பநிலைக்கும், இன்னொரு 100 அழுத்தத்துக்கும் ஓட்டி நிலைப்படுத்துங்கள். ஹைட்ரஜன் அணு உள்ள பிணைப்புகளின் நீளத்தைக் கட்டிவைத்தால் கணக்கீட்டின் ஒரு படிக்கு 2 ஃபெம்டோநொடி தாங்கும். அந்தக் கணக்கில் 1 நானோநொடிக்கு 5 லட்சம் படிகள்.

அழுத்தம் நூற்றுக்கணக்கான பார் மேலும் கீழும் குதிக்கும், பயப்பட வேண்டாம், இவ்வளவு சின்னப் பெட்டியில் அது இயல்பு. அடர்த்தியைப் பாருங்கள், கனமீட்டருக்கு 1000 கிலோவுக்குப் பக்கத்தில் நிலைத்து நிற்க வேண்டும். எச்சரிக்கை வந்தால் அதைக் கண்டுகொள்ளாமல் விடச் சொல்லும் மேக்ஸ்வார்ன் போட்டு வாயை அடைக்காதீர்கள், முழுதாகப் படியுங்கள். படத்தில் புரதம் இரண்டாகப் பிளந்து தெரிந்தால் அது பெட்டியின் ஓரத்தைத் தாண்டியிருக்கிறது, அவ்வளவுதான்; குரோமாக்ஸின் டிரஜ்கான்வ் கட்டளை மூலம் நடுவில் கொண்டுவரலாம்.

முடிந்ததும் தொடக்க வேகங்களை மாற்றி இன்னும் இரண்டு முறை ஓட்டுங்கள். ஒரே ஓட்டத்தில் தெரிந்ததை வைத்து எதையும் எழுதிவிடாதீர்கள்.

அடுத்து பிஎஃப்ஓஏ போன்ற மாசுப்பொருள் ரத்த அல்புமினில் எங்கே ஒட்டுகிறது என்று பார்க்கப் போனால், அந்த மூலக்கூறுக்கான அளவுருக்களைத் தனியாகத் தயாரிக்க வேண்டும். இதற்கு உதவும் சிஜென்எஃப்எஃப் கருவி தரும் பெனால்டி எண் (அளவுரு எவ்வளவு நம்பமுடியாதது என்று காட்டுவது) 50-ஐத் தாண்டினால் அப்படியே பயன்படுத்தாதீர்கள், முதலில் குவாண்டம் கணக்கீட்டோடு ஒப்பிட்டுத் திருத்துங்கள்.