சிகரப் பட்டியலும் ‘முடித்தவர்’ என்ற பெயரும்

பினாங்கில் ஞாயிறுதோறும் கொடிமலை ஏறிப் பழகியவர்கள், தீபகற்ப மலேசியாவின் ஜி7 சிகரங்களைத் தொடங்குமுன் பட்டியலின் வரையறையைக் குறித்துக்கொள்ள வேண்டும். 7,000 அடிக்கு, அதாவது ஏறத்தாழ 2,134 மீட்டருக்கு மேற்பட்ட ஏழு சிகரங்களே அவை. 2,187 மீட்டர் உயரமுள்ள குனோங் தகான் முதலாவது.

உயரம் மட்டும் போதாது. இரண்டு உச்சிகளுக்கு இடையே முகடு எவ்வளவு இறங்கி ஏறுகிறது என்பதைக் கொண்டே, ஒன்று தனிச் சிகரமா, பக்கத்து மலையின் தோள்தானா என்று பல பட்டியல்கள் தீர்மானிக்கின்றன. ஜி7 பட்டியலிலுள்ள கொர்பு, காயோங் என்ற இரு சிகரங்களையும் ஒரே முகடு இணைக்கிறது. ஆயினும் ஜி7 இரண்டையும் தனித்தனியே எண்ணுவதால், கொர்பு உச்சியோடு திரும்பியவர் காயோங்கைக் கணக்கில் சேர்க்கலாகாது. இதில் விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை.

பட்டியல்கள் மாறவும் செய்யும். ஸ்காட்லாந்தின் 3,000 அடிக்கு மேற்பட்ட சிகரங்களை 1891இல் ஹியூ மன்ரோ தொகுத்தார். மறு அளவீடுகளால் பலமுறை திருத்தப்பட்ட அப்பட்டியலில் இன்று 282 சிகரங்கள் உள்ளன. அவரே அனைத்தையும் முடிக்காமல் 1919இல் காலமானார். ஆகவே எந்த ஆண்டுப் பட்டியலை முடித்தீர்கள் என்பதையும் எழுதுங்கள்.

ஒவ்வொரு உச்சியிலும் மிக உயர்ந்த புள்ளியை அடைந்த நாளைப் பென்சிலால் குறியுங்கள். மழையில் மை கரைந்து, என் குறிப்பேட்டில் யோங் பெலார் என்ற ஜி7 சிகரத்தின் பக்கம் வெறும் நீலக் கறையாகிவிட்டது.