மேட்டுநிலத்தில் சமதள மாரத்தான்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாதையின் வரைபடத்தைப் பார்த்தால் மேடும் இல்லை, பள்ளமும் இல்லை. ஓரத்தில் சின்ன எழுத்தில், ஊர் கடல்மட்டத்திலிருந்து 2,300 மீட்டர் உயரத்தில் இருப்பதாகப் போட்டிருக்கிறது. பலர் முதல் விஷயத்தை மட்டும் பார்த்துவிட்டு, தங்கள் சிறந்த நேரத்தை முறியடிக்க ஏற்ற இடம் என்று நம்பிப் பெயர் கொடுக்கிறார்கள். தவறுகளில் பெரியது இதுதான். மற்றவை பெரும்பாலும் இதிலிருந்து கிளைப்பவை.

உயரே போகப் போகக் காற்றில் ஆக்ஸிஜனின் விகிதம் குறைவதில்லை, எங்கேயும் சுமார் 21 சதவீதம்தான். காற்றழுத்தம்தான் குறைகிறது. 2,300 மீட்டரில் அது கடல்மட்டத்து அழுத்தத்தில் முக்கால் பங்கு, 3,500 மீட்டரில் மூன்றில் இரண்டு பங்கு. அழுத்தம் குறைந்தால் நுரையீரலிலிருந்து ரத்தத்துக்கு ஏறும் ஆக்ஸிஜனும் குறையும். பாதை சமமாக இருந்தாலும் இதற்கு விலக்கு கிடையாது.

1968 மெக்சிகோ ஒலிம்பிக் இதற்கு நல்ல சான்று. மெக்சிகோ நகரின் உயரம் 2,240 மீட்டர். 10,000 மீட்டர் ஓட்டம் மைதானத்துத் தடத்தில் நடந்தது, அதைவிடச் சமமான பாதை எது? அப்போதைய உலக சாதனை ஆஸ்திரேலியாவின் ரான் கிளார்க்குடையது: 27 நிமிடம் 39.4 நொடி. மெக்சிகோவில் தங்கம் வென்ற கென்யாவின் நஃப்தாலி தெமுவுக்கே 29 நிமிடம் 27.4 நொடி ஆனது. ஆறாவதாக வந்த கிளார்க் முடிவுக் கோட்டைத் தாண்டியதும் சுருண்டு விழுந்தார், ஆக்ஸிஜன் கொடுக்க வேண்டியிருந்தது. மாரத்தானிலும் இதே கதைதான். 1964 டோக்கியோவில் அபேபே பிகிலா 2:12:11-இல் வென்றார். மெக்சிகோவில் வென்ற மாமோ வோல்டேவின் நேரம் 2:20:26. இருவரும் எத்தியோப்பிய மேட்டுநிலத்தில் பயின்றவர்கள். ஆள் வேறு, நாள் வேறு என்றாலும் வித்தியாசம் சுமார் 6 சதவீதம்.

அதை உங்கள் கணக்கில் போட்டுப் பாருங்கள். கடல்மட்டத்தில் 4 மணி நேரத்தில் முடிப்பவருக்குக் கிலோமீட்டருக்கு 5 நிமிடம் 41 நொடி. 6 சதவீதம் கூட்டினால் 6 நிமிடத்தைத் தாண்டுகிறது, மொத்தத்தில் கால் மணி நேரம் போல. மேட்டுநிலத்துக்குப் பழகாதவர் இதற்கும் மேலேயே ஒதுக்கிக்கொள்வது நல்லது. பழைய இலக்கை எழுதிய பட்டையைக் கையில் கட்டிக்கொண்டு புறப்படுவது வீண்.

அடுத்த தவறு முதல் 5 கிலோமீட்டரில் நடக்கும். ஓய்வெடுத்த கால்கள், குளிர்ந்த காலை, சுற்றிலும் கூட்டம். பழக்கமான வேகம் சுகமாகத்தான் தெரியும். ஏற்றம் இருந்தால் அதுவே நம்மை அடக்கி வைக்கும், இறக்கம் இருந்தால் மூச்சு வாங்க இடம் கிடைக்கும். சமதளத்தில் இரண்டும் இல்லை, அதனால் மிகை வேகம் வெகுநேரம் பிடிபடாது. கடல்மட்டத்தில் கொஞ்சம் வேகத்தைக் குறைத்தால் மூச்சு சீக்கிரம் நிதானத்துக்கு வந்துவிடும், உயரத்தில் அதற்கு நிறைய நேரமாகும். ஆகவே முதல் பாதி முழுக்க, பக்கத்தில் ஓடுபவரிடம் ஒரு முழு வாக்கியத்தை நடுவில் திணறாமல் சொல்ல முடிகிறதா என்று அவ்வப்போது சோதியுங்கள். இரண்டு சொல்லுக்கு ஒருமுறை மூச்சு இழுத்தால், வாட்ச் என்ன காட்டினாலும் வேகம் அதிகம்தான். அப்போது ஒரு நிமிடம் நடப்பதில் எந்த வெட்கமும் வேண்டாம்.

வாட்சின் இதயத் துடிப்பு எண்ணையும் அப்படியே நம்ப முடியாது. உயரத்தில் அதே வேகத்துக்குத் துடிப்பு கூடும், ஆனால் உச்சத் துடிப்பு சற்றுக் குறையலாம். கடல்மட்டத்தில் வகுத்துக்கொண்ட துடிப்பு எல்லைகள் இங்கே பொருந்தாது.

எப்போது போய்ச் சேருவது? இரண்டு வாரம் முன்னதாகப் போக முடிந்தால் அதுதான் சிறந்தது. முடியாதவர்கள் செய்யும் தவறு, இரண்டு மூன்று நாள் முன்பு போவது. தூக்கம் கெட்டு, பசி மந்தமாகி, உடல் தடுமாறும் நாட்கள் அவை. 2,000 மீட்டரை ஒட்டிய ஊர் என்றால் முந்தைய நாள் போய் ஓடிவிடுவோரும் உண்டு. 3,000 மீட்டருக்கு மேல் அந்த யோசனையே வேண்டாம், அங்கே நிதானமாகப் பழகியே ஆக வேண்டும். போன அன்றே ‘எப்படி இருக்கிறது பார்ப்போம்’ என்று வேகப் பயிற்சி செய்வதும் கூடாது.

குளிராக இருப்பதால் தண்ணீரை மறந்துவிடுகிறார்கள். வறண்ட காற்றில் மூச்சு வழியாகவே நிறைய ஈரம் போகும், ஆரம்ப நாட்களில் சிறுநீரும் கூடுதலாகப் பிரியும். அதற்காகக் குடம் குடமாகக் குடித்தால் ரத்தத்தில் சோடியம் குறைந்து அதுவே ஆபத்தாகும். தாகத்துக்குக் குடியுங்கள், கொஞ்சம் உப்பும் சேரட்டும். பசி இல்லாவிட்டாலும் மாவுச்சத்தைக் குறைக்காதீர்கள். அப்புறம், 1,000 மீட்டருக்குச் சுமார் 10 சதவீதம் புற ஊதாக் கதிர் கூடும், சன்ஸ்கிரீன் அவசியம். இரும்புச்சத்து குறைவாக இருந்தால் உடல் உயரத்துக்குப் பழகுவதும் மெதுவாகும், ரத்தப் பரிசோதனையை மாதங்களுக்கு முன்பே முடித்துவிடுங்கள்.

உயரத்துக்கு உடல் பழகாததால் வரும் மலை நோய்க்கு என்று அசிட்டசோலமைடு மாத்திரையை யாரோ சொன்னார்கள் என்று போட்டுக்கொள்ள வேண்டாம். அது சிறுநீரைக் கூட்டும் மருந்து, உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமையின் தடைப்பட்டியலிலும் இருக்கிறது. மருத்துவர் சொன்னால் மட்டும்தான்.

தலைவலியோடு குமட்டலோ தலைசுற்றலோ இருந்தால், பயிற்சியில் செலவழித்த மாதங்களை நினைத்துக்கொண்டு தொடக்கக் கோட்டில் போய் நிற்காதீர்கள். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு முட்டினாலோ, விடாமல் இருமல் வந்தாலோ, ஒரு காலின் குதிகாலை மறு காலின் விரலோடு ஒட்டி வைத்து நேர்கோட்டில் நடக்க முடியாமல் தள்ளாடினாலோ நுரையீரலிலோ மூளையிலோ நீர் கோத்திருக்கலாம். அந்த ஆளைத் தனியே விடாமல் உடனே தாழ்வான இடத்துக்கு இறக்கி மருத்துவமனையில் சேர்க்க வேண்டும். காலையில் பார்க்கலாம் என்று தூங்க வைக்கக் கூடாது.